மலையும் ரயிலும் ஒரே படத்தில்: கொங்குப் பக்கம் இடம் பிடிப்பது எப்படி

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி போன வருடம் எங்கள் ஊர்ப்பக்கம் வந்திருந்தார். பொள்ளாச்சிக்கு மேற்கே, பாலக்காடு போகும் பாதை. விடியற்காலையிலேயே வந்து ஸ்டாண்டை நட்டுவிட்டார். வண்டி வந்தது. நாற்பது படமாவது எடுத்திருப்பார். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்: “அண்ணா, எதிலயுமே மலை இல்லைங்கண்ணா.”

மலை அங்கேதான் இருந்தது. மாசி மாதத்து மங்கலில் தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் வண்டி நேரத்தைப் பார்த்து, லீவு நாளைப் பார்த்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். புதிதாக வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடவேண்டும். முதலில் மலை, அடுத்து வெயில், பிறகு தண்டவாளம், அதற்குப் பிறகு நிற்கும் இடம். வண்டி கடைசியில்தான்.

## 1. கிளம்பும் முன் கையில் இருக்கவேண்டியவை

பெரிய பட்டியல் இல்லை. செயற்கைக்கோள் வரைபடம் காட்டும் ஒரு ஆப், சூரியன் எந்தத் திசையில் உதிக்கும், எங்கே விழும் என்று தேதிவாரியாகக் காட்டும் ஒரு ஆப், வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு ஆப். அப்புறம் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, அங்கெல்லாம் நோட்டுதான் துணை.

நீலகிரிக்குச் சொந்த வண்டியில் ஏறுவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்கவேண்டும். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவில் வந்த நடைமுறை இது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் அங்கே கூடாது, எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் பத்து நிமிடம் போனால், காத்திருந்த வண்டியும் அதோடு போய்விடும்.

## 2. மலை எந்த மாதம் தெரியும் என்று பாருங்கள்

ரயில் தினமும் ஓடுகிறது. மலை தினமும் தெரிவதில்லை. அதனால்தான் இது முதல் படி.

மாசி, பங்குனி இரண்டும் மோசமான மாதங்கள். காற்றில் தூசி, காட்டுத்தீப் புகை, வெயிலின் கானல். ஆனைமலை சாம்பல் கோடு மாதிரி நிற்கும். நல்ல கேமரா வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடித்துத் தள்ளும். வானம் நீலமாக இருக்கும், ஆனால் மலையின் தலையில் மேகம் குந்திக்கொண்டு இறங்கவே இறங்காது. கீழ்ப்பாதி மட்டும் போதுமென்றால் போகலாம். கொல்லங்கோட்டுப் பக்கம் அப்போதுதான் நெல்லியாம்பதி மலைச் சரிவில் அருவிகள் வெள்ளைக் கோடாக இறங்கும், முன்னால் பச்சை வயல் இருக்கும். அதற்காகவே நனைந்தபடி நிற்கிறவர்கள் உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை கொட்டி முடித்த மறுநாள் காலை இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. காற்றைத் துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கும். மார்கழி, தையில் காலையில் பனிமூட்டம் இருக்கும், எட்டு ஒன்பது மணிக்குமேல் விலகும்.

பலரும் கவனிக்காத ஒன்று, சித்திரை வைகாசியில் கோடை மழை. ஒரு மாலை இடி மின்னலோடு ஒரு உழவு மழை பெய்தால், மறுநாள் விடியற்காலையில் இரண்டு மூன்று மணிநேரம் மலை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். பத்து மணிக்குள் மறுபடி மங்கிவிடும். இரவு மழை பெய்தால் நான் அலாரம் வைத்துவிட்டுப் படுப்பேன்.

## 3. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நாம் இருப்பது சுமார் 11 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. மார்கழியில் நன்றாகவே தெற்கே சாய்ந்திருக்கும். கிழக்கு மேற்காக ஓடும் பாதைக்கு இந்தக் கணக்குதான் எல்லாமே.

இதை நம்மூர்ப் பாதைகளில் பொருத்திப் பார்க்கலாம்.

கோவையிலிருந்து எட்டிமடை, வாளையார் வழியாகப் பாலக்காடு போகும் பாதைக்கு மலை வடக்கே. ஆகவே நாம் பாதைக்குத் தெற்கே நின்று வடக்கே பார்க்கவேண்டும். கார்த்திகை முதல் தை வரை சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நாள் முழுக்க வெயில் வாகு. காலையில் தென்கிழக்கு வெயில் விழுவதால் கோவை நோக்கி வரும் வண்டியின் முகம் மின்னும். மாலையில் பாலக்காடு நோக்கிப் போகும் வண்டியின் முகம்.

பொள்ளாச்சி, மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு பாதைக்கு மலை தெற்கே. கோமங்கலம், உடுமலைப் பக்கமும் ஆனைமலை தெற்கேதான். இங்கே வடக்கே நின்று தெற்கே பார்க்கிறோம். மார்கழியில் போனால் சூரியன் லென்ஸுக்கு நேரே. மலை கருப்பு, வண்டி கருப்பு, வானம் வெள்ளை. வாளையாரில் நல்ல படம் எடுத்த கையோடு அதே வாரம் பொள்ளாச்சிக்கு வந்து ஏமாந்துபோகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இந்தப் பாதைக்குச் சரியான காலம் இரண்டு. ஒன்று, சித்திரை வைகாசியில் கோடை மழைக்கு மறுநாள் காலை. அப்போது சூரியன் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி உதிப்பதால் மலையின் வடக்கு முகத்தில் வெயில் விழும். இன்னொன்று ஆவணிக் கடைசி, புரட்டாசி. மேகம் கலையத் தொடங்கியிருக்கும், சூரியன் நேர் கிழக்கே உதிக்கும், பக்கவாட்டு வெயிலில் மலை மடிப்பெல்லாம் தெரியும்.

சேலத்துக்கு வடக்கே டேனிஷ்பேட்டை, லோக்கூர் பக்கம் போனால் சேர்வராயன் மலை பாதைக்குத் தென்கிழக்கே. அதனால் அங்கே பிற்பகல்தான். மேற்கே நின்று, முதுகில் வெயில் வாங்கிக்கொண்டு மலையைப் பார்க்கவேண்டும். சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை நோக்கிப் போகும் வண்டிகளுக்கு அது ஏற்றம். கூட்ஸ் வண்டி முக்கிக்கொண்டு ஏறுவதைக் கேட்கவே போகலாம். சென்னை கோவை வந்தே பாரத்தும் இதே வழிதான்.

நடுப்பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை எந்தப் பாதையிலும் கேமராவை எடுக்காதீர்கள். தலைக்குமேல் வெயில், பெட்டியின் கூரை மட்டும் வெளுக்கும். சாப்பிட்டுவிட்டு ஏதாவது ஒரு மரத்தடியில் கண்ணயருங்கள்.

## 4. வரைபடத்தில் இடங்களைக் குறியுங்கள்

இப்போதுதான் தண்டவாளத்துக்கு வருகிறோம். செயற்கைக்கோள் படத்தில் பாதையின் மேலேயே விரலை நகர்த்திக்கொண்டு போங்கள். மூன்று விஷயங்களைத் தேடவேண்டும்: வளைவு, பக்கத்தில் பொதுவழி, மலைப்பக்கம் திறந்த வெளி.

வளைவு எதற்கென்றால், நேர்பாதையில் இன்ஜின் முகம் தெரிந்தால் பெட்டிகள் தெரியாது, பெட்டிகள் தெரிந்தால் முகம் தெரியாது. வளைவின் உட்பக்கம் நின்றால் இரண்டும் கிடைக்கும்.

பொதுவழி என்றால் ரயில்வே கேட், மேம்பாலம், பஞ்சாயத்து ரோடு, இட்டேரி (இரண்டு பக்கமும் வேலி இருக்கும் மண்பாதை). இவற்றில் நிற்க யாரிடமும் கெஞ்சவேண்டியதில்லை. நான் முதலில் குறிப்பது மேம்பாலங்களைத்தான். உயரத்தில் நின்றால் வேலி, புதர், மின்கம்பம் எல்லாம் கீழே போய்விடும்.

திறந்த வெளியில்தான் பொள்ளாச்சிப் பக்கம் பெரிய வில்லங்கம். எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு. தோப்பு இருந்தால் மலை இல்லை. வரைபடத்தில் வெறும் காடாகத் (எங்கள் பக்கம் விளைநிலத்தையும் காடு என்போம்) தெரிகிற நிலத்துக்கு நேரில் போனால் ஆளுயரத் தென்னங்கன்று நிற்கும், அந்தச் செயற்கைக்கோள் படம் எப்போது எடுத்ததோ. சோளம், மக்காச்சோளம், காய்கறி போடும் காடுகளைப் பார்த்துக் குறியுங்கள். மக்காச்சோளமும் ஆளுயரம் வளரும் என்பதை மறக்காதீர்கள், அறுப்பு முடிந்தபின் போகவேண்டும்.

ஒரு பாதைக்குப் பத்து இடம் குறித்தால் நேரில் மூன்று தேறும். அதுவே நல்ல கணக்கு.

## 5. கேமராவை வீட்டில் வைத்துவிட்டு ஒருமுறை போய்வாருங்கள்

முதல் முறை அந்தப் பாதையில் ரயிலிலேயே போங்கள். மலை இருக்கும் பக்கத்து ஜன்னலில் உட்காராதீர்கள், எதிர்ப்பக்கம் உட்காருங்கள். படம் எடுக்கப் போகிறவர் நிற்கப்போவது அந்தப் பக்கம்தான். அங்கே வேலியா, பள்ளமா, முள்ளா, ரோடா என்பதுதான் தெரியவேண்டும்.

மின்மயமான பாதையில் ஒவ்வொரு மின்கம்பத்திலும் ஓர் எண் இருக்கும், மேலே கிலோமீட்டர், கீழே கம்பத்தின் வரிசை எண். நல்ல இடம் கண்ணில் பட்டால் அந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள். “பெரிய புளியமரத்துக்குப் பக்கத்தில்” என்று எழுதினால் திரும்பி வரும்போது பதினைந்து புளியமரம் இருக்கும். நண்பரிடம் இடம் சொல்லவும் இந்த எண்தான் வசதி. பாதையில் மாடு விழுந்து கிடக்கிறது, மரம் சாய்ந்திருக்கிறது என்று ரயில்வேக்குத் தகவல் சொல்லவும் இதைத்தான் கேட்பார்கள்.

அடுத்த வாரம் பைக்கில் போய், குறித்த இடங்களில் இறங்கி நில்லுங்கள். கம்பங்கள் பாதையின் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள். ஒற்றைப் பாதையானால் கம்பம் இல்லாத பக்கம் நிற்பது நல்லது. இல்லாவிட்டால் இன்ஜினின் மூக்குக்கு நேரே ஒரு கம்பம் கண்டிப்பாக வந்து நிற்கும்.

இரட்டைப் பாதையில் இன்னொரு கணக்கு. நம் நாட்டில் வண்டி இடப்பக்கப் பாதையில் ஓடும். நம்மை நோக்கி வரும் வண்டி, அதைப் பார்த்து நிற்கும் நமக்கு வலப்பக்கத் தண்டவாளத்தில் வரும். நீங்கள் இடப்பக்கம் நின்றால் நடுவே இன்னொரு பாதை இருக்கிறது. சரியாக அந்த நேரத்தில் அதில் ஒரு கூட்ஸ் வந்து மறைக்கும். ஐம்பத்தெட்டு வேகன் போய் முடிப்பதற்குள் நீங்கள் காத்திருந்த எக்ஸ்பிரஸ் அடுத்த ஊரில் இருக்கும். எனக்கு மூன்று முறை ஆகியிருக்கிறது.

## 6. எங்கே நிற்கலாம், எங்கே கூடாது

தண்டவாளத்திலும் அதன் ஓரத்து ரயில்வே நிலத்திலும் நிற்பது அத்துமீறல். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், மின்சார இன்ஜின் சத்தமில்லாமல் வரும். கணவாய்க் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வரும் வண்டியின் சத்தம் முன்கூட்டியே கேட்கும், கிழக்கிலிருந்து வருவது முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை கேட்காது. காதை நம்பி யாரும் பாதையோரம் நிற்கக்கூடாது.

மேம்பாலத்தில் நின்றால் செல்ஃபி குச்சியையும் மோனோபாடையும் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டாதீர்கள். கீழே போகும் கம்பியில் 25,000 வோல்ட். தொடவேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே பாயும்.

மதுக்கரைக்கும் வாளையாருக்கும் இடையே பாதை ஏ லைன், பி லைன் என்று பிரிந்து காட்டுக்குள் போகிறது. படத்துக்கு ஆசையாகத்தான் இருக்கும். போகாதீர்கள். யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்த பாதை அது. அங்கே 2024 முதல் வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கேமரா வைத்துக் கண்காணிக்கிறது, இரவில் வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாடும் உண்டு. காட்டுக்கு வெளியே, எட்டிமடை நிலையத்துப் பக்கம் நின்றாலே மலை முழுசாக வரும். லோக்கூர்ப் பக்கமும் காப்புக்காடு உண்டு, ரோட்டை விட்டு இறங்குமுன் விசாரியுங்கள்.

நிலையத்துக்குள் படம் எடுப்பதென்றால் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கேட்டவரை யாரும் கடித்ததில்லை. கேட்காமல் ஸ்டாண்டை விரித்து நின்றதற்காக ஒரு நிலையத்தில் என்னை ஒன்றரை மணிநேரம் உட்காரவைத்தார்கள், நான் பார்க்க வந்த வண்டியின் சத்தத்தை அறைக்குள் இருந்தே கேட்டேன். வியாபார நோக்கில் எடுப்பதென்றால் ரயில்வே கோட்ட அலுவலகத்தில் விசாரித்து முறைப்படி அனுமதி வாங்கவேண்டும். பொள்ளாச்சி பாலக்காடு கோட்டத்தில் வரும், ஊட்டி மலை ரயில் சேலம் கோட்டத்தில்.

கடைசியாக, தோட்டத்துக்காரர்கள். நல்ல இடங்களில் பாதி யாரோ ஒருவருடைய வரப்பு. வேலியைத் தாண்டிவிட்டு மன்னிப்புக் கேட்பதைவிட, சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) போய்க் கேட்டுவிட்டு உள்ளே போவது சுலபம். கோமங்கலத்துப் பக்கம் ஒரு பெரியவரிடம் அப்படிப் போய் நின்றேன்.

“ஏனுங்க, ரயிலப் படம் புடிக்கணும். உங்க வரப்புல கொஞ்ச நேரம் நின்னுக்கட்டுமுங்களா?”

“நில்லுங்க தம்பி, அதுக்கென்ன. வாய்க்கா ஓரம் மட்டும் வேண்டாம், நேத்துத்தான் தண்ணி உட்டேன், கால் உள்ள போயிரும். அந்தப் பனமரத்துக்குக் கெழக்கால நில்லுங்க. காலைல அங்கதான் மலை நல்லாத் தெரியும்.”

நான் இரண்டு ஆப் வைத்துக்கொண்டு ஒரு வாரம் கணக்குப் போட்ட இடம் அந்தப் பனமரத்திலிருந்து இருபது அடி தள்ளி இருந்தது. அவர் சொன்ன இடம்தான் சரி.

## 7. இப்போது வண்டி நேரத்தைப் பாருங்கள்

மலை தெரியும் மாதம், வெயில் விழும் நேரம், நிற்கும் இடம் மூன்றும் முடிவானபின் அந்த இரண்டு மணிநேர வெளிச்சத்துக்குள் எந்த வண்டி வருகிறது என்று தேடுங்கள். இரண்டு வண்டியாவது இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள், ஒன்று தாமதமானாலும் ஒன்று கிடைக்கும்.

கோவை பாலக்காடு பாதையில் இந்தக் கவலை இல்லை, வண்டிக்குப் பஞ்சமில்லாத தடம். பொள்ளாச்சிப் பாதை அப்படியல்ல. அங்கே வண்டிகள் குறைவு, ஒற்றைப் பாதை வேறு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வெயில் போனபிறகுதான். அதனால் இங்கே குறித்த நேரத்துக்கு அரைமணி முன்பே நிற்கவேண்டும்.

கூட்ஸ் வண்டி எந்த ஆப்பிலும் வராது. அதற்குப் பழைய வழிதான். கேட் மூடினால் வண்டி வருகிறது. சிக்னல் சிவப்பிலிருந்து மாறினால் வருகிறது. பாசஞ்சர் வண்டி நிலையத்தில் காரணமில்லாமல் நின்றால் “கிராசிங் போட்டிருக்காங்க” என்று அர்த்தம், எதிர்த்திசையில் ஒன்று வருகிறது. கேட்கீப்பரிடம் மரியாதையாகப் பேசிப் பழகுங்கள், ஆனால் அவர் போனில் இருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். அது அவருடைய வேலை நேரம்.

ஆப் காட்டும் இடத்தை அப்படியே நம்பாதீர்கள். கடைசியாகத் தாண்டிய நிலையத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்வதாகவும் இருக்கலாம். பத்து நிமிடம் முன்பின் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## 8. ஊட்டி மலை ரயிலுக்குத் தனிக் கணக்கு

மேலே சொன்ன வரிசை இங்கே மட்டும் தலைகீழ். தினசரிச் சேவையாக மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்கு ஒன்று ஏறும், ஊட்டியிலிருந்து மதியம் 2 மணிக்கு ஒன்று இறங்கும். ஆகவே வண்டியை வைத்துத்தான் இடம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மட்டும் வேறு சில வண்டிகளும் ஓடுகின்றன, அவை டீசல்.

முதல் தவறு, இன்ஜினை முன்னால் எதிர்பார்ப்பது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, 12 அடிக்கு 1 அடி ஏற்றம். ஏறும்போது நீராவி இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். முன்னால் வருவது பெட்டி, அதன் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். புதியவர்கள் “இன்ஜின் எங்கே” என்று முழிப்பதற்குள் புகை கடந்துபோய்விடும். ஏறும் வண்டியை, அது உங்களைத் தாண்டிய பிறகு திரும்பி நின்று எடுக்கவேண்டும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் வண்டியில் இன்ஜின் முன்னால் இருக்கும், ஆனால் இறக்கத்தில் உழைப்பு இல்லை, புகையும் ஆவியும் குறைவு. காலைக் குளிரில் ஏறும்போதுதான் ஆவி வெள்ளையாகத் திரண்டு நிற்கும். வெயில் ஏறினால் அதே ஆவி கண்ணுக்குத் தெரியாது.

இடம் என்று பார்த்தால் நான் முதலில் சொல்வது கல்லாறு நிலையம். மேட்டுப்பாளையத்திலிருந்து எட்டே கிலோமீட்டர். சமதளப் பாதை முடிந்து பல்தண்டவாளம் ஆரம்பிக்கும் இடம் இதுதான். வண்டி ஊர்ந்து வந்து பல்சக்கரம் பற்களில் பொருந்தும்போது இன்ஜினின் சத்தமே மாறும். அதுவரை ஒரு ஜோடி சிலிண்டர் வேலை செய்தது, இப்போது பல்சக்கரத்தை ஓட்டும் ஜோடியும் சேர்ந்துகொள்கிறது. வீடியோ எடுக்கிறவர்கள் அந்த நேரத்தில் தயவுசெய்து பேசாதீர்கள்.

அங்கிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூர் ரோட்டில் வண்டியைத் துரத்தலாம் என்று தோன்றும். பல்சக்கரப் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான் வேகம், காரில் தாராளமாக முந்தலாம். ஆனால் 14 கொண்டை ஊசி வளைவில் எதிலும் காரை நிறுத்திவிட்டு இறங்கக்கூடாது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். நேரே குன்னூர் போய்விடுங்கள். நிலையத்தில் இன்ஜின் மாற்றுவதை நிதானமாகப் பார்க்கலாம்.

கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். மதியம் இறங்கும் வண்டியைத் துரத்தும் திட்டமெல்லாம் அப்போது செல்லாது. போகுமுன் விசாரியுங்கள்.

குன்னூருக்கு மேலே கேத்தி, லவ்டேல் இரண்டு நிலையங்களுக்கும் ரோடு உண்டு, நிதானமாக நின்று எடுக்கலாம். குன்னூருக்கும் கேத்திக்கும் நடுவில் வெலிங்டன், அரவங்காடு வரும். ஒன்று ராணுவம் இருக்கும் இடம், இன்னொன்று வெடிமருந்துத் தொழிற்சாலை. அந்த இரண்டு இடங்களிலும் கேமரா பையிலேயே இருக்கட்டும். ட்ரோன் நினைப்பை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மண்சரிவால் சேவை நிற்பது சகஜம். ஒரு கார்த்திகையில் விடியற்காலை ஐந்தரைக்கே கல்லாறுக்குப் போய் நின்றேன். டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டியபடி, “வண்டி மூணு நாளா இல்லைங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றார். அந்த மாதங்களில் முந்தின நாள் மாலை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலாப்பழக் காலத்தில் கல்லாறு, பர்லியாறு பக்கம் யானை இறங்கும். பழ வாசனை தூக்கலாக அடிக்கும் தோட்டத்தோரம் நிற்காதீர்கள். பொழுது சாய்வதற்குள் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். லென்ஸ் மூடியும் அதற்குத் தின்பண்டம்தான்.

## 9. லென்ஸும் செட்டிங்கும்

மலை வேண்டும் என்று வைடு லென்ஸ் மாட்டுவதுதான் பெரிய தவறு. வைடு லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கும். ஆனைமலை கரையான் புற்று மாதிரி ஆகிவிடும். பாதையிலிருந்து நூறு இருநூறு மீட்டர் பின்னால் போய், 100 மில்லிமீட்டருக்கு மேல் ஜூம் வைத்து எடுங்கள். மலை வண்டியின் முதுகில் வந்து நிற்கும். போனில் எடுத்தாலும் இதே கதை, இரண்டு மூன்று மடங்கு ஜூமில் தள்ளி நின்று எடுங்கள்.

எக்ஸ்பிரஸுக்கு ஷட்டர் வேகம் 1/1000-க்குக் குறையக்கூடாது, பக்கவாட்டில் பாய்வதென்றால் 1/2000. மலை ரயிலுக்கு 1/250 போதும், கொஞ்சம் குறைத்தால் இன்ஜினின் கம்பிகள் அசைவதும் படத்தில் தெரியும்.

ஃபோகஸை முன்கூட்டியே ஒரு மின்கம்பத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வெளிச்ச அளவையும் வண்டி வருமுன்பே பூட்டுங்கள். இன்ஜினின் முகப்பு விளக்கைப் பார்த்ததும் கேமரா பயந்து படத்தை இருட்டாக்கிவிடும். வந்தே பாரத் போன்ற வெள்ளை வண்டியென்றால் வெளிச்ச அளவை அரை ஸ்டாப் (கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் படி) குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் காலை வெயிலில் துணி சோப்பு விளம்பரம் மாதிரி வெளுத்துவிடும்.

வண்டி வருமுன் வெறும் பாதையை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அந்தப் படமே நன்றாக இருக்கவேண்டும், மலை மேலே, பாதை கீழே, வண்டிக்கு நடுவில் இடம். வெறும் படத்தில் ஏதோ உறுத்தினால் வண்டி வந்து அதைச் சரிசெய்யாது. இரண்டடி நகருங்கள்.

வண்டி வந்ததும் கடைசி நொடியில் எதையும் மாற்றாதீர்கள். உங்கள் முன்னால் இருப்பது அதிகம் போனால் இருபது விநாடி. முதல் பத்தில் எடுங்கள், மீதிப் பத்தில் கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணால் பாருங்கள். லோகோ பைலட் கை காட்டினால் நீங்களும் காட்டலாம்.

## 10. திரும்புமுன்

இடத்தை விட்டு நகருவதற்குள் நோட்டில் நாலு வரி எழுதுங்கள்: தேதி, மணி, கம்ப எண், வெயில் எந்தப் பக்கம், மலை எவ்வளவு தெரிந்தது, எது மறைத்தது. வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் எழுதவே மாட்டீர்கள். இரண்டு வருட நோட்டு இருந்தால் ஆப் எதுவும் தேவைப்படாது.

தோட்டத்துக்குள் நின்று எடுத்திருந்தால் ஒரு பிரிண்ட் போட்டு அந்தச் சாளைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கோமங்கலத்துப் பெரியவருக்கு நான் கொடுத்த படத்தில் ரயிலை அவர் பார்க்கவே இல்லை. ஓரத்தில் நின்ற பனமரத்தைக் காட்டி, “இது எங்கய்யன் வெச்சதுங்க” என்றார். அடுத்த முறை போனபோது வாய்க்கால் ஓரம் ஒரு பலகை போட்டிருந்தது, நான் நிற்பதற்கு.